குப்பியின் மேல் மூன்று வரிகள்: பதிவு பெறா மருந்துகள் பற்றிய ஒரு பாடம்

தமிழாசிரியர் மருந்தைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அவர்கட்கு ஒன்று கூறுவோம். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்ற விபுலானந்த அடிகள் தலைமை தாங்கி வளர்த்த கல்லூரி இது. விஞ்ஞானத்துக்கு வேண்டிய கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் அடிகள் முன்னின்று உழைத்தார். ஒரு சொல்லின் பொருளை ஐயமற அறிந்த பின்னரே அதனை ஏற்றல் வேண்டும் என்பது தமிழாசிரியர் நாள்தோறும் கற்பிக்கும் பாடம். அப்பாடத்தையே யாம் இங்கு ஒரு சிறு குப்பியின் மேல் ஒட்டிய சீட்டுக்குப் பொருத்திக் காட்டுகின்றோம்.

ஒரு மாலைப் பொழுது

சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை, எம்மிடம் முன்னர்க் கற்ற மாணவன் ஒருவன் எமது இல்லத்துக்கு வந்தான். பத்தொன்பது வயதினன், உதைபந்தாட்டத்தில் வல்லவன். நகரத்துக் கழகமொன்றிற்காக மக்கெய்சர் விளையாட்டரங்கில் அவன் ஆடக் கண்டு யாம் மகிழ்ந்ததுண்டு. அன்றோ வலக்காலை ஊன்ற அஞ்சி நடந்து வந்தான். முழங்காலிற் காயம்பட்டு ஐந்து கிழமையாயிற்று என்றான். கொழும்பிற் பெருங்கழகமொன்று வீரர்களைத் தெரிவுசெய்யும் நாள் இன்னும் ஆறு கிழமையில் வரவிருந்தது. அதில் தெரிவானால் ஆட்டத்தோடு தொழிலும் கிடைக்கும். தந்தையார் கடற்றொழிலாளர்; வீட்டிற்கு அவனே மூத்த பிள்ளை.

அவன் கடன் கேட்டு வந்திருந்தான். எதற்கென வினவினோம். சட்டைப் பையிலிருந்து விரலளவான கண்ணாடிக் குப்பியொன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். அதன் அடியில் வெண்பொடி சிறிது ஒட்டிக் கிடந்தது.

"சேர், இது காயத்தைக் கெதியாய் மாற்றுகிற மருந்து. இரண்டு தரம் ஏற்றிவிட்டேன். இன்னும் மூன்று குப்பி வேண்டும்."

ஏற்றியவர் யார் என்றோம். உடற்பயிற்சி நிலையத்து நண்பன் என்றான். எங்கே வாங்கியது என்றோம். தொலைபேசியிற் செய்தி அனுப்பினால் கொழும்பிலிருந்து பேருந்தில் வந்து சேரும் என்றான். ஊசி ஏற்றிய இடம் சிவந்து தடித்திருந்தது.

சீட்டை வாசித்தோம். ஆங்கிலத்தில் மூன்று வரிகள். முதலாம் வரியில், பி.பி.சி. 157 என்னும் பெயர். இரண்டாம் வரியில், தூய்மை 99 சதவீதம். மூன்றாம் வரியில், மிகச் சிறிய எழுத்தில், ஆய்வுக்கு மட்டும். மனிதப் பயன்பாட்டுக்கு அன்று.

"தம்பி, மூன்றாம் வரியை வாசித்தாயா?" என்றோம்.

"அது சட்டத்துக்காகப் போடுகிறது, சேர். எல்லாக் குப்பியிலும் இருக்கும்" என்றான்.

அவ்விடை எம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. ஒரே கை எழுதிய மூன்று வரிகளுள் இரண்டை நம்பி ஒன்றைத் தள்ளுதல் எவ்வாறு பொருந்தும்? மூன்றாம் வரி வெறும் பாவனை எனின், முதலிரண்டு வரிகளும் பாவனையல்ல என்பதற்குச் சான்று யாது? ஆதலின் மூன்று வரிகளையும் முறையே எடுத்துப் பொருள் காண்போம்.

முதலாம் வரி: பெயர்

புரதம் என்பது அமினோவமிலம் என்னும் சிற்றலகுகள் மணிகள்போற் கோவைப்பட்டு அமைவது. நீண்ட கோவையைப் புரதம் என்றும், ஏறத்தாழ 50 இற்குக் குறைந்த அலகுகளையுடைய குறுங்கோவையைப் பெப்ரைட்டு என்றும் வழங்குவர். ஓரெழுத்து மாறினாற் சொற்பொருள் மாறுவதுபோல, ஓரலகு மாறினாலும் பெப்ரைட்டின் தொழில் மாறக்கூடும்.

பெப்ரைட்டு என்ற அளவில் அது நஞ்சு என்று எவரும் கருதற்க. மகப்பேற்றுக் காலத்தில் வைத்தியர் பயன்படுத்தும் ஒட்சிரோசின் 9 அலகுகளாலான பெப்ரைட்டேயாம். அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டிய வின்சென்ற் டு விக்னோ 1955 இல் நோபல் பரிசு பெற்றார். நீரிழிவு நோயாளரைக் காக்கும் இன்சுலின் 51 அலகுகளையுடையது. கனடாவின் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்போர் 1921 இல் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரி 11 ஆம் நாள் அது முதன்முதலாக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. அம்முதல் ஊசி போதிய தூய்மையற்றதாயிருந்தமையால் ஏற்றிய இடத்திற் கட்டி உண்டாயிற்று. நோயும் சிறிதே தணிந்தது. உடனே நிறுத்திவிட்டனர். கொலிப் என்னும் இரசாயனவியலாளர் அதனை மேலும் தூய்மைப்படுத்திய பின்னர், 12 நாள் கழித்தே மீண்டும் ஏற்றினர். உயிர் போகுந் தறுவாயிலிருந்த பிள்ளைக்கு, உலகிற் சிறந்த மருந்துகளுள் ஒன்றைக் கொடுக்கும்போதுங்கூட, கண்டறிந்தோர் நின்று சோதித்தே அடுத்த அடி வைத்தனர் என்பதை மாணவர் மனங்கொள்வாராக.

இனி, எமது மாணவன் கொணர்ந்த குப்பியின் பெயருக்கு வருவோம். பி.பி.சி. 157 என்பது 15 அலகுகளையுடைய செயற்கைப் பெப்ரைட்டு. இரைப்பைச் சாற்றிலுள்ள புரதமொன்றின் கூறு என அதனை ஆராய்ந்தோர் கூறுவர். குரோசியா நாட்டுச் சாகிரெப் நகரத்து ஆய்வாளர் இதனைப் பற்றி மிகுதியாக எழுதியுள்ளனர். எலிகளின் தசைநாண், தசை, குடல் ஆகியவற்றிற் பட்ட காயம் இதனால் விரைந்து ஆறியதாக அவ்வாய்வுகள் தெரிவிக்கின்றன. ஆனால், மனிதரிடம் நடந்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அவையும் மிகச் சிலரைக் கொண்டே நடந்தவை. எத்தனை அளவு ஏற்கலாம், எத்தனை நாள் ஏற்கலாம், பத்தாண்டு கழித்து உடலில் யாது நிகழும் என்னும் வினாக்களுக்கு விடை கூறவல்ல ஆய்வு இல்லை. இதனோடு சேர்த்து விற்கப்படும் ரி.பி. 500 என்பதும் இத்தகையதே. தைமோசின் பீற்றா 4 என்னும் 43 அலகுப் பெப்ரைட்டின் ஒரு துண்டை ஒட்டி எழுந்த சந்தைப் பெயர் அது.

இவை புதிய குருதிக் கலன்கள் தோன்றுவதைத் தூண்டுவன என்பதே இவற்றுக்குக் கூறப்படும் பெருஞ்சிறப்பு. காயம்பட்ட தசைக்குப் புதுக் குருதிக் கலன் நன்மை தரலாம். ஆயின், புற்றுக் கட்டி வளர்வதும் புதுக் குருதிக் கலன்களைக் கொண்டே என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். ஆதலின் அறிஞர் இவ்விடத்தில் ஐயுறுகின்றனர். இது தீங்கு செய்தது என நிறுவப்படவில்லை. தீங்கு செய்யாது எனவும் நிறுவப்படவில்லை. எலியில் ஆறிய காயத்தைச் சான்றாகக் கொண்டு மனிதன் உடலிற் சோதனை நடத்துவதாயின், அச்சோதனையை நடத்துபவர் யார், குறிப்பெழுதுபவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன.

இரண்டாம் வரி: தூய்மை

99 சதவீதம் என்னும் எண் இளைஞரை மயக்க வல்லது. தேர்வில் 99 புள்ளி பெற்றவனைப்போல் அம்மருந்தைக் கருதிவிடுகின்றனர். அவ்வெண்ணின் பொருளைச் சற்றுப் பகுத்து நோக்குவோம். ஒரு கருவியில் இட்டுச் சோதிக்கும்போது, காணப்படும் பெப்ரைட்டுப் பொருள்களுள் எத்தனை பங்கு குறித்த பெப்ரைட்டு என்பதையே அவ்வெண் குறிக்கும். குப்பியில் கிருமி இல்லை என்று அவ்வெண் கூறவில்லை. இறந்த கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சுப் பொருள் இல்லை என்றும் கூறவில்லை. அந்நச்சு சாதாரணமாகக் கொதிக்கவைப்பதால் அழிவதன்று. சீட்டிற் கண்ட நிறை உள்ளே உண்டு என்றும் அவ்வெண் உறுதி தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதித்த குப்பியும் கையில் உள்ள குப்பியும் ஒன்றே என்பதற்கு விற்பவன் வாய்ச்சொல்லன்றிப் பிறிதொரு சான்றில்லை.

எமது நகரத்தார் நோவுக்கு மருந்து தேடுதலிற் பழகியவர்களே. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நீரள்ளி மூட்டின்மேல் வார்த்து ஆறுதல் பெற்றோர் எம்முள் பலர். பாட்டிமார் வைத்துக் கட்டிய பச்சிலையும் யாம் அறிவோம். இவற்றை இகழ்வது எமது கருத்தன்று. ஆயின், புறத்தே வார்ப்பது வேறு. அகத்தே ஏற்றுவது வேறு. தோலும் குடலும் இயற்கை எமக்கிட்ட மதில்கள். கோணேசர் மலைக்கு ஏறுவோர் பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்தே செல்லுதல்போல, உடலுட் புகும் பொருள் பெரும்பாலும் இம்மதில்களின் வாயிலைக் கடந்தே புகும். ஊசியோ வாயிலையும் காவலையும் விலக்கி நேரே உட்புகுத்துவது. ஆதலினாலேயே ஊசிமருந்துக்கு வேறெம்மருந்தினும் கடுமையான தூய்மை விதிக்கப்பட்டுள்ளது. பொடியைக் கரைக்கும் நீரும், ஊசியும், ஏற்றும் கையும் தூயனவாதல் வேண்டும். ஒருவர் ஊசியை மற்றவர் பயன்படுத்துவதாற் குருதி வழியே பரவும் கொடிய ஈரல் அழற்சியும் எயிட்சும் தொற்றக்கூடும். கரைத்த பெப்ரைட்டைக் குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும். சித்திரை வெயிலிற் கொழும்பிலிருந்து பேருந்திற் பொதியாய் வரும் குப்பியிடம் இவற்றையெல்லாம் எதிர்பார்ப்பது எங்ஙனம்?

மூன்றாம் வரி: மனிதப் பயன்பாட்டுக்கு அன்று

இவ்வரியை எமது மாணவன் "சட்டத்துக்காகப் போடுகிறது" என்றான். அவன் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. விற்பவன் தன்னைக் காத்துக்கொள்ள இட்ட வேலியே அது; வாங்குபவனைக் காக்க இட்டதன்று. தீங்கு நேர்ந்தாற் "மனிதருக்கு அன்று என எழுதியிருந்தேனே" என்று அவன் கைகழுவுவான். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இத்தகைய சீட்டுடன் பெப்ரைட்டு விற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கின்றது. சீட்டு எதனைக் கூறினும், விற்பவர் நோக்கம் மனிதப் பயன்பாடாயின் அது மருந்தேயாம் என்பது அந்நிருவாகத்தின் நிலை. 2023 இல் அந்நிருவாகம் பி.பி.சி. 157 என்பதை, மருந்தகங்களிற் கலந்து தயாரிப்பதற்குப் பாதுகாப்பு ஐயம் உடைய பொருள்களின் வரிசையிற் சேர்த்தது.

மருந்துப் பதிவு என்னும் முறை எங்ஙனம் தோன்றிற்று என்பதை அறிந்தால் அதன் அருமை விளங்கும். 1937 இல் அமெரிக்காவில் சல்பனிலமைட்டு என்னும் மருந்தை இனிய நீராகக் கரைத்து, "எலிக்சிர்" என்னும் பெயரில் ஒரு நிறுவனம் விற்றது. கரைப்பதற்குப் பயன்படுத்திய திரவம் நஞ்சு. அதனை எவரும் சோதித்திலர். சோதிக்க வேண்டும் என்று சட்டமும் அன்று கூறவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் குழந்தைகள். வியப்பு யாதெனில், அந்நிறுவனத்தின்மேல் அன்றைய சட்டத்தாற் சாட்டக்கூடிய குற்றம் சொற்குற்றம் ஒன்றே. எலிக்சிர் என்னும் சொல் மதுசாரத்திற் கரைத்ததைக் குறிக்கும். இதில் மதுசாரம் இல்லை. ஆதலின் பெயர் பொய் என்று மட்டுமே வழக்குரைக்க முடிந்தது. இவ்வவலத்தின் பயனாக 1938 இல் அங்கே புதுச்சட்டம் பிறந்தது. விற்குமுன் மருந்தின் பாதுகாப்பைக் காட்டுதல் வேண்டும் என அது விதித்தது. பதிவு என்னும் ஏட்டின் பின்னே இத்தனை சிறு கல்லறைகள் உண்டு.

இலங்கைச் சட்டம்

எமது நாட்டிலும் இவ்வறிவுக்கு ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள் மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொருட்பெயரால் வழங்குதல் வேண்டும் என வற்புறுத்தியவர். 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவரும் அவரே. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளைப் பதிவுசெய்யும் கட்டுப்பாட்டை வகுத்தது. அதனிடத்தில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்தது. அவ்வதிகாரசபையிற் பதிவுபெறாத மருந்தை ஆக்குதலும், இறக்குமதி செய்தலும், விற்றலும் குற்றம். உரிமம் இன்றி மருந்தைக் களஞ்சியப்படுத்துதலும் பகிர்ந்தளித்தலும் அங்ஙனமே. மருந்தைப் பற்றி விளம்பரம் செய்வதற்கும் அனுமதி வேண்டும். ஆகவே, "நான் வணிகன் அல்லன், நண்பர்களுக்கு எடுத்துக் கொடுப்பவன்" என்னும் இளைஞனும் தான் நிற்கும் இடத்தைச் சிந்தித்தல் நன்று.

இங்கே ஒரு தடை எழும். பதிவுபெற்ற வழியில் வந்த மருந்திலும் மோசடி நேர்வதில்லையா என்று கேட்பர். நேர்ந்ததுண்டு. 2023 இல் எமது அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து தரமற்றது என்னும் முறைப்பாடு எழுந்து, நாடே கலங்கிற்று. முன்னர்ச் சுகாதார அமைச்சராயிருந்தவர் 2024 பெப்ரவரியிற் கைதுசெய்யப்பட்டார். குற்றத்தை முடிவுசெய்வது நீதிமன்றின் பொறுப்பு. யாம் கருதுவது பிறிதொன்று. அம்மருந்துக்குத் தொகுதி இலக்கம் இருந்தது. கொடுத்த வைத்தியசாலை தெரிந்தது. ஐயுற்ற வைத்தியர் முறையிட இடம் இருந்தது. கேள்வி கேட்க நீதிமன்று இருந்தது. பதிவு பிழை நேராமற் காக்கும் மந்திரமன்று. பிழை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதைக் காட்டும் முகவரி. எமது மாணவன் கையிலிருந்த குப்பிக்கு அம்முகவரி இல்லை.

ஆடுகளத்துச் சட்டம்

விளையாட்டு வீரனுக்கு இரண்டாவது சட்டமொன்றும் உண்டு. 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இயங்குகின்றது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் ஆண்டுதோறும் வெளியிடும் தடைப் பட்டியலே அதற்கு அளவுகோல். அப்பட்டியலின் முதல் வகுப்பு, எந்த நாட்டு அதிகாரசபையும் மனிதருக்கென ஒப்புதல் அளிக்காத பொருள்கள். 2022 ஆம் ஆண்டுப் பட்டியல் அவ்வகுப்புக்கு எடுத்துக்காட்டாகப் பி.பி.சி. 157 என்பதைப் பெயர் சொல்லிக் குறித்தது. ரி.பி. 500 மற்றொரு வகுப்பிற் பெயரோடு இடம்பெற்றுள்ளது. இவை போட்டி நாளில் மட்டுமன்றி எந்நாளும் தடைசெய்யப்பட்டவை. குற்றத்தின் தன்மைக்கேற்பத் தடை நான்கு ஆண்டுவரை நீளக்கூடும். பத்தொன்பது வயதினன் ஒருவனுக்கு அஃது ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியாம்.

இச்சட்டத்தின் முதல் விதி கடுமையானது: வீரன் உடலிற் காணப்படும் பொருளுக்கு வீரனே பொறுப்பு. இதனை எமது நாட்டுத் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்க அவர்களின் வரலாறு விளக்கும். 2011 உலகக் கிண்ணப் போட்டியில், கொழும்பில் நியூசிலாந்துக்கு எதிராக நடந்த அரையிறுதி ஆட்டத்தின்போது அவரிடம் எடுத்த மாதிரியில் பிரெட்னிசோன், பிரெட்னிசொலோன் என்னும் தடைசெய்த பொருள்கள் காணப்பட்டன. நெடுநாளாக வருத்திய தோட்காயத்தின் நோவு தணிய மூலிகை மருந்து உட்கொண்டதாக அவர் கூறினார். ஆற்றலை மிகுவிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதை விசாரணை மன்றமும் ஏற்றுக்கொண்டது. அங்ஙனம் ஏற்றும், மூன்று மாதத் தடை விதித்தது. மூலிகை என்று எண்ணி உட்கொண்டதை ஆய்வுகூடம் வேறு பெயரால் அழைத்தது. தண்டனையைத் தாங்கியவர் வீரர் ஒருவரே. நேர்மையான வீரருக்கே இந்நிலை எனின், சீட்டை வாசித்தும் தள்ளிவிட்டவன் நிலையை யாம் கூற வேண்டுவதில்லை.

பெப்ரைட்டுகளாலேயே நேர்ந்த பேரிழப்பு அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. மெல்பேண் நகரத்து எசண்டன் உதைபந்தாட்டக் கழகம் 2012 இல் தன் வீரர்க்கு ஊசித் திட்டமொன்றை நடத்திற்று. காயம் விரைந்து ஆறும், உடல் விரைந்து தேறும் என்பதே அங்கும் கூறப்பட்டது. வீரர்கள் ஒப்புதற் கடிதத்திற் கையொப்பமிட்டனர். பின்னர் விசாரணை வந்தபோது, யாருக்கு எதனை எவ்வளவு ஏற்றினர் என்பதற்கு ஒழுங்கான குறிப்பேடு கிடைத்திலது. 2016 சனவரி 12 ஆம் நாள் விளையாட்டு நடுவர் மன்றம் அக்கழகத்தில் அன்று ஆடிய 34 வீரர்களும் தைமோசின் பீற்றா 4 ஏற்றனர் எனத் தீர்த்து, ஈராண்டுத் தடை விதித்தது. தலைவராயிருந்த யோப் வாற்சன் தாம் 2012 இற் பெற்ற பிரவுண்லோ பதக்கத்தை இழந்தார். வீரர்க்குப் பாதுகாப்பான தொழிலிடம் அளிக்கத் தவறியமைக்காக அதே மாதத்தில் அக்கழகத்துக்கு நீதிமன்று 200,000 டொலர் தண்டம் விதித்தது. செல்வமும் வைத்தியரும் பெயரும் நிறைந்த கழகத்தில் ஆடியோருக்கே இறுதியிற் "என் உடலில் ஏற்றியது யாது?" என்னும் வினாவுக்கு விடை கிடைத்திலது.

மருந்தின் நான்கு உறுப்புகள்

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் மருந்து. அதன் முடிவில் வள்ளுவர் மருந்து என்பதை நான்கு கூறாக வகுக்கின்றார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அதனை இயற்றிக் கொடுப்பவன். குப்பிக்குள் இருக்கும் பொருள் நாலில் ஒன்றே என்பது அவர் கருத்து. அவ்வளவுகோலைக் கொண்டு எமது மாணவனின் செய்தியை அளந்தோம். நோய் தீர்ப்பவன் இல்லை. காயத்தை எந்த வைத்தியரும் பார்த்திலர். இயற்றிக் கொடுப்பவன் இல்லை. ஊசி ஏற்றிய நண்பன் அத்தொழில் கற்றவன் அல்லன். மருந்தோ ஐயத்துக்குரியது. நான்கனுள் எஞ்சியவன் நோயுற்றவன் ஒருவனே. நோயாளியும் அவனே, வைத்தியனும் அவனே, சோதனைக்கு இட்ட எலியும் அவனே.

மறுநாட் காலை அவனைத் திருகோணமலை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். வைத்தியர் தடித்த இடத்தை நோக்கி, "என்ன ஏற்றினீர்? எவ்வளவு ஏற்றினீர்? எந்த நீரிற் கரைத்தது?" என்று கேட்டார். அவன் எம்மைப் பார்த்தான். யாம் குப்பியை நீட்டினோம். வைத்தியர் அதனை வாசித்துவிட்டு, "இதில் எனக்கு உதவக்கூடிய செய்தி எதுவும் இல்லை" என்றார். அவர் சினந்து கூறவில்லை, உள்ளதைக் கூறினார். கட்டி சில நாளில் அடங்கிற்று. முழங்காலைச் சோதித்தபோது, இணையம் ஒன்று அறுந்திருத்தல் தெரிந்தது. ஐந்து கிழமையாக அவன் ஆற்ற முயன்ற காயம் யாது என்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது. நோயையும் அதன் முதலையும் முதலில் நாடுக என்பதும் அதே அதிகாரத்தின் பாடமன்றோ?

அறுந்த இணையத்தைச் சீர்செய்து, இயன்மருத்துவர் காட்டும் பயிற்சியைப் படிப்படியாகச் செய்து மீள, ஒன்பது மாதமேனும் செல்லும். அதற்கு முன் ஆடுகளம் புகுவோர் மீண்டும் காயமுறுதல் மிகுதி என ஆய்வுகள் கூறுகின்றன. கொழும்புத் தேர்வு அவனுக்குத் தவறிற்று. அதனை யாம் சிறு இழப்பு என்று கூறமாட்டோம். அவன் வீட்டில் அது பேரிழப்பு. யாம் அவனுக்குக் கடன் கொடுத்தோம். குப்பிக்கன்று, சிகிச்சைக்குச் சென்றுவரும் செலவுக்கு. இப்போது மாலைதோறும் ஊன்றி நடந்து பயிற்சி செய்கின்றான். சனிக்கிழமைகளிற் சிறுவர்களின் ஆட்டத்துக்குக் கோட்டு நடுவனாய்க் கொடி பிடிக்கின்றான்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

எம்மீதும் ஒரு குற்றம் உண்டு. அதனை மறைத்தால் இப்பாடம் நிறைவுறாது. சில ஆண்டுகளின் முன் அம்மாணவன் கணுக்கால் வீங்கிய நிலையிலும் இரண்டாம் பாதி முழுவதும் ஆடி வெற்றி தேடித் தந்தான். பரிசளிப்பு மேடையில் யாமே எழுந்து, நோவைப் பொருட்படுத்தாத வீரன் என அவனைப் புகழ்ந்தோம். மண்டபம் கைதட்டிற்று. நோவை மறைப்பது வீரம் என்னும் பாடத்தை அவன் எம்மிடமே கற்றான். பின்னர் அதனை மறைக்கும் பொருளைச் சந்தையில் தேடினான். ஆசிரியர்காள், பயிற்றுநர்காள், பெற்றோர்காள்! காயத்தைச் சொல்லிக் களத்தை விட்டு வெளிவரும் பிள்ளையையும் யாம் மேடையிற் புகழப் பழகுவோமாக. பழைய மாணவருள் வைத்தியரும் மருந்தாளரும் வழக்கறிஞரும் பலர் உளர். ஆண்டுக்கொருமுறை கல்லூரிக்கு வந்து விளையாட்டு மாணவரோடு ஒருமணி நேரம் இவை பற்றி உரையாடுவாராயின், அது கல்லூரிக்கு அவர் அளிக்கும் பெருங்கொடையாம்.

பயிற்சி வினாக்கள்

மாணவர் எவரேனும் காயத்துக்கு ஒரு மருந்தைத் தந்து "ஏற்றிக்கொள்" எனின், கீழ்வரும் வினாக்களுக்கு விடை எழுதிய பின்னரே கைநீட்டுவாராக.

1. எனக்குற்ற காயம் யாது? அதனைப் பார்த்துக் கூறிய வைத்தியர் யார்? அவர் இலங்கை மருத்துவ மன்றத்திற் பதிவுபெற்றவரா?

2. இம்மருந்து எமது நாட்டிற் பதிவுபெற்றதா? பதிவுபெற்ற மருந்தகத்தில், சிட்டையைக் காட்டி இதனை வாங்க முடியுமா?

3. இது தடைப் பட்டியலில் உண்டா? இதனை என் பயிற்றுநருக்கும் பெற்றோருக்கும் வெளிப்படையாகக் காட்ட என் மனம் துணியுமா?

4. சீட்டிலுள்ள வரிகளுள் எதனையேனும் நம்பாது தள்ளுகின்றேனா? அங்ஙனமாயின் மற்றவற்றை நம்புவது ஏன்?

5. நாளை தீங்கு நேர்ந்தால், யாருடைய கதவைத் தட்டுவேன்?

ஐந்தாம் வினாவுக்கு விடையில்லாத மருந்தை ஏற்க வேண்டா. காயம் ஆறக் காலம் எடுக்கும். அக்காலத்தைப் பொறுத்திருக்கும் ஆற்றலையும் கல்லூரி கற்பித்தல் வேண்டும். அக்குப்பி எமது மேசையில் இன்றும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மெய்வல்லுநர் போட்டிக்கு முந்திய கிழமையில் அதனை வகுப்பிற்கு எடுத்துச் சென்று, மூன்று வரிகளையும் மாணவரைக்கொண்டே உரக்க வாசிப்பிக்கின்றோம்.